உஷார்! ஸ்பெயின் கடற்கரையில் வீடு வாங்கினால் விசா கிடைக்காது

ஸ்பெயினில் 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் குடும்பத்தோடு தங்கலாம் என்றிருந்த ‘கோல்டன் விசா’ 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடிந்துபோனது. 2013இல் கொண்டுவந்த திட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றமே சட்டம் இயற்றி நீக்கிவிட்டது. இன்று நீங்கள் அங்கே ஒரு வீடல்ல, ஒரு தெருவையே விலைக்கு வாங்கினாலும், கிரயப் பத்திரத்தைக் காட்டி 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. தங்கினால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அனுமதியின்றித் தங்கியவர்.

ஆகவே, ‘கடலைப் பார்த்த பால்கனி, ஆண்டு முழுக்க வெயில், வீட்டை வாங்குங்கள், விசா பின்னாலேயே வரும்’ என்று யாராவது உங்களிடம் பேசினால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஒன்று, அவருக்குச் சட்டம் தெரியாது. அல்லது, தெரிந்தே உங்கள் முன்பணத்துக்குக் குறிவைக்கிறார்.

மலாகா மாகாணத்தின் கோஸ்டா தெல் சோல் கரையில் ஃபுவென்ஹிரோலா, தொர்ரெமொலினோஸ், மார்பேயா. அலிகாந்தே மாகாணத்தின் கோஸ்டா பிளாங்கா கரையில் பெனிடார்ம், தொர்ரெவியேஹா. ஐரோப்பாவின் குளிரிலிருந்து ஓடிவருகிறவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குடியேறிவரும் ஊர்கள் இவை. லண்டனில் ஓய்வுபெறப்போகும் நம்மவர்களும், மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று நினைக்கும் சென்னை, பெங்களூரு ஐ.டி. இளைஞர்களும் இப்போது இந்தப் பெயர்களைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றிப் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். முதலில் வீடு, பிறகு விசா, கடைசியில் வாழ்க்கை என்று இறங்கியவர்கள்தான் அந்தக் கரையில் பணத்தை இழந்தார்கள். முதலில் விசா, பிறகு வாடகை வீட்டில் ஒரு குளிர்காலம், பிறகு சொந்த வக்கீல், கடைசியில் வீடு. பாதுகாப்பான வரிசை இது ஒன்றுதான்.

விசா: எது உங்களுக்குப் பொருந்தும்?

வேலை பார்க்காமல் சேமிப்பிலோ ஓய்வூதியத்திலோ வாழ்பவர்களுக்கு ‘நான்-லுக்ரேட்டிவ்’ விசா இருக்கிறது. 2025 கணக்குப்படி விண்ணப்பிப்பவர் ஆண்டுக்கு 28,800 யூரோ வருமானமோ இருப்போ காட்ட வேண்டும். உடன் வரும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 7,200 யூரோ. கணவன், மனைவி இரண்டே பேர் என்றாலும் 36,000 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால்கூட 36 லட்சம் ரூபாய். முதலில் ஓராண்டுக்குத்தான் தருவார்கள். புதுப்பிக்கும்போது மறுபடியும் பணத்தைக் காட்ட வேண்டும். இந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. ‘இங்கே சம்பாதிக்கவில்லையே, இந்தியக் கம்பெனிக்குத்தானே லேப்டாப்பில் பார்க்கிறேன்’ என்ற வாதத்தை நம்பி இறங்காதீர்கள். அதற்கு வேறு விசா இருக்கிறது.

அதுதான் 2022ஆம் ஆண்டின் 28ஆம் எண் சட்டம் கொண்டுவந்த ‘டிஜிட்டல் நோமாட்’ விசா. ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல இரு மடங்கு வருமானம் வேண்டும். 2025இல் அது மாதம் ஏறத்தாழ 2,760 யூரோ. பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும். அதோடு உங்களுக்கு மூன்று மாதத் தொடர்பாவது இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கும் கடிதத்தை நிறுவனம் தர வேண்டும். சமூகப் பாதுகாப்புக்கு உங்கள் நாட்டுச் சான்றோ, ஸ்பெயினில் பதிவோ கேட்பார்கள். இந்தக் கடைசி இரண்டையும் எழுத்தில் வாங்காமல் சென்னை வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். ‘வாய்மொழியாக மேனேஜர் சரி என்றார்’ என்பது தூதரகத்தில் செல்லாது.

இன்னொரு வலை, ‘நியே’ எனப்படும் வெளிநாட்டவர் அடையாள எண். வீடு வாங்க, வங்கிக் கணக்கு தொடங்க, வரி கட்ட இது வேண்டும். சுற்றுலா வந்தவருக்கும் கிடைக்கும். ‘நியே வாங்கித் தந்துவிட்டோம், இனி நீங்கள் ஸ்பெயின்வாசி’ என்று ஒருவர் சொன்னால் அது சுத்தப் பொய். அது ஒரு எண், அவ்வளவுதான். தங்கும் உரிமைக்குச் சாட்சி ‘தியே’ என்ற அட்டை. இரண்டும் ஒன்றல்ல.

‘போய் இறங்கிடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’

எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு இது. சுற்றுலா விசாவில் போய், இரண்டு மூன்று ஆண்டு ஒளிந்திருந்து, பிறகு காகிதம் வாங்கிவிடலாம் என்று பணம் பிடுங்கும் ஏஜென்டுகளிடம் சிக்காதீர்கள். நீண்ட காலம் தங்கிவிட்டவர்கள் விண்ணப்பிக்க ஸ்பெயின் சட்டத்தில் ஒரு வழி உண்டு என்பது உண்மை. ஆனால் அதுவரை ஒப்பந்தமில்லாத வேலை, கையில் கொடுத்த கூலி, காய்ச்சல் வந்தால்கூடப் பயம் என்றுதான் நாட்கள் போகும். அனுமதியின்றித் தங்குவதற்கு 501 முதல் 10,000 யூரோ வரை அபராதம் உண்டு. நாடு கடத்தி, மறுபடி நுழையத் தடையும் போடலாம்.

2025 அக்டோபர் 12 முதல் ஸ்பெயின், பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளின் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிவாகத் தொடங்கிவிட்டன. பாஸ்போர்ட் முத்திரைகளை அதிகாரி விரல்விட்டு எண்ணிய காலம் போய்விட்டது. கூடுதலாக ஒரு நாள் தங்கினாலும் கணினி காட்டிக்கொடுக்கும். பிரான்ஸில் கழித்த பத்து நாளும் அந்த 90இல் சேரும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே விதிதான். பிரெக்ஸிட்டுக்கு முன் நினைத்தபோது போய் நினைத்தவரை தங்கிய நண்பர்களின் கதையைக் கேட்டு இன்று முடிவெடுக்காதீர்கள். 2021 ஜனவரி முதல் நீங்களும் 90 நாள் விருந்தாளிதான்.

வாடகை: 11 மாத ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் கத்தி

நம்மூரில் 11 மாத வாடகை ஒப்பந்தம் சாதாரணம். அதனால்தான் ஸ்பெயினில் அதே 11 மாதத்தை நீட்டும்போது நம்மவர்கள் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அங்கே விஷயம் வேறு. நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தம் என்றால், உரிமையாளர் தனிநபராக இருந்தால் வாடகைதாரர் ஐந்து ஆண்டு, நிறுவனமாக இருந்தால் ஏழு ஆண்டு தங்கச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையைத் தராமல் தப்பிக்கத்தான் ‘தெம்பொராதா’ என்ற தற்காலிக ஒப்பந்தத்தைச் சில உரிமையாளர்கள் நீட்டுகிறார்கள்.

கடற்கரை ஊர்களில் இது இன்னும் கொடுமை. செப்டம்பரில் குடிவைத்து, ஜூனில் காலி செய்யச் சொல்வார்கள். ஜூலை, ஆகஸ்டில் அதே வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வார வாடகைக்கு விட்டால் கொள்ளை லாபம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு நீங்கள் கோடையில் தெருவில் நிற்பீர்கள், அதுவும் ஊரில் ஒரு அறைகூடக் கிடைக்காத நேரத்தில்.

ஒப்பந்தத்தில் ‘நிரந்தரக் குடியிருப்பு’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த முகவரியில் நகராட்சியின் ‘பத்ரோன்’ பதிவேட்டில் பெயர் சேர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். பள்ளி, மருத்துவமனை, குடியேற்ற அலுவலகம் என எங்கே போனாலும் அந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகை. கூடுதல் உத்தரவாதம் இரண்டு மாதம் வரை கேட்கலாம். நிரந்தரக் குடியிருப்புக்கு 2023ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி தரகுக் கட்டணம் உரிமையாளர் பொறுப்பு. வீட்டை நேரில் பார்க்காமல், சாவியைத் தொடாமல், படங்களை நம்பி ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

வீடு: பத்திரம் இருந்தும் இடித்த கதை

2008 ஜனவரியில் அல்மெரியா மாகாணத்து வேராவில் ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் வீட்டை அரசு இடித்துத் தள்ளியது. அவர்கள் திருட்டுத்தனமாகக் கட்டியவர்கள் அல்லர். நகராட்சி கொடுத்த கட்டட அனுமதி அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அது வீடு கட்டத் தகாத நிலம் என்று சொல்லி மாநில அரசு வழக்குப் போட, அந்த அனுமதி ரத்தானது. அதே மாகாணத்தின் அல்மான்சோரா பள்ளத்தாக்கில் இப்படி முறையற்ற வீடுகளை வாங்கிவிட்டு, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்த வெளிநாட்டவர்கள் ஏராளம்.

மார்பேயாவின் கதை இதைவிடப் பெரிது. 2006இல் ‘மலாயா’ ஊழல் வழக்கில் மேயரே கைதானார். மத்திய அரசு நகர மன்றத்தையே கலைத்தது. லஞ்சம் வாங்கிக்கொண்டு கொடுத்த அனுமதிகளில் எழுந்த ஆயிரக்கணக்கான வீடுகளை முறைப்படுத்த 2010இல் ஒரு நகரத் திட்டம் வந்தது. 2015இல் அதையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கபோ தெ கதா இயற்கைப் பூங்காவின் கரையில் 411 அறைகளோடு எழுந்த அல்கர்ரோபிகோ ஹோட்டலை 2006இல் நீதிமன்றம் நிறுத்தியது. ஒரு விருந்தினரைக்கூடப் பார்க்காமல் அது வழக்குகளிலேயே காலம் தள்ளியது. ‘கடலுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது’ என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 1988இன் கடற்கரைச் சட்டப்படி கரையோரம் பொதுச் சொத்து. அந்த எல்லைக்குள் வரும் வீட்டுக்கு உரிமையாளராக இருந்தவர் வெறும் அனுபவ உரிமைக்காரர் ஆகிவிடுவார்.

இந்த ஆபத்தைக் கண்டுபிடிக்கச் செலவு அதிகமில்லை. நம்மூர் வில்லங்கச் சான்றுபோல அங்கே ‘நோத்தா சிம்ப்ளே’ உண்டு. சொத்துப் பதிவகத்தில் ஏறத்தாழ 10 யூரோவுக்குக் கிடைக்கும். யார் பெயரில் இருக்கிறது, அடமானம் இருக்கிறதா, ஜப்தி இருக்கிறதா என்று அதில் தெரியும். ஆனால் அது மட்டும் போதாது. கட்டடம் சட்டப்படி எழுந்ததா என்பதை நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும். குடிபுகும் உரிமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் மின்சார, குடிநீர் இணைப்பே சிக்கலாகும். குடியிருப்போர் சங்கத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கி நடப்பாண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் வீட்டோடு சேர்ந்தே உங்களிடம் வரும். பாக்கியில்லைச் சான்று கையில் வாங்காமல் நோட்டரி முன்னால் உட்காராதீர்கள்.

நோட்டரி இருக்கிறாரே, வக்கீல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவான அரசு அலுவலர். ஆள் சரியா, பத்திரம் முறையா என்று பார்ப்பார்; உங்கள் நலனுக்காக வாதாட மாட்டார். வக்கீல் உங்களுடையவராக இருக்க வேண்டும். தரகர் அறிமுகம் செய்தவர், பில்டர் ஆபீஸிலேயே உட்கார்ந்திருப்பவர் உங்கள் வக்கீல் அல்லர். தரகர் அழைத்துப்போன வக்கீலுக்கு வீட்டை விற்கும் அதிகாரத்தோடு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை.

‘அர்ராஸ்’ என்பது முன்பண ஒப்பந்தம். வழக்கமாக விலையில் 10 சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும் என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். வக்கீல் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் முன் இதில் கையெழுத்துப் போடவே கூடாது. கட்டி முடியாத வீடு என்றால், நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் வங்கி உத்தரவாதமோ காப்பீடோ பில்டர் தரவேண்டும் என்பது சட்டம். 2008இல் கட்டுமானத் தொழில் சரிந்தபோது அந்த உத்தரவாதம் இல்லாதவர்களின் தவணைகள் கோபுரக் கிரேன்களின் அடியிலேயே புதைந்துபோயின. பணத்தை வாங்கிவைத்த வங்கிகளும் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2015 டிசம்பர் ஆனது.

‘பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம், மீதியைக் கவரில் கொடுங்கள்’ என்ற பேச்சும் வரும். 2022 முதல் அங்கேயும் வழிகாட்டி மதிப்பு வந்துவிட்டது. அதற்குக் குறைத்துக் காட்டினாலும் வரி குறையாது. நாளை நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து அதற்கும் வரி கட்டுவீர்கள். கார்த்தஹேனா உள்ளிட்ட சில கரையோரப் பகுதிகளில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர் ஊர்ப்புற நிலம் வாங்க 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி ராணுவ அனுமதியும் தேவை. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

‘நாம் இல்லாதபோது ஏர்பிஎன்பியில் விட்டால் இ.எம்.ஐ. தானாகப் போய்விடும்’ என்ற கணக்கையும் தூக்கி வையுங்கள். 2025 ஏப்ரல் 3 முதல் அடுக்குமாடியில் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட, உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும்.

வெயில் மட்டுமல்ல, வெள்ளமும் உண்டு

அந்தக் கரையில் ‘ரம்ப்லா’ என்று சொல்லும் வறண்ட ஓடைகள் நிறைய. ஆண்டு முழுக்க மணலும் நாணலுமாகக் கிடக்கும். அதன் ஓரத்தில் வீடு மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். இலையுதிர்காலத்தில் கடல் சூடாக இருக்கும்போது மேலே குளிர்ந்த காற்று வந்து சேர்ந்தால், ஓராண்டு மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடும். 2019 செப்டம்பரில் தொர்ரெவியேஹாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரிவேலா வட்டாரம் மூழ்கியது. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சென்னையில் 2015 வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசம். வீட்டு முகவரியை அதில் போட்டுப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும்.

மறுபக்கம் வறட்சி. மலாகா மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான லா வின்யுவேலா 2024 தொடக்கத்தில் 10 சதவீதத்துக்கும் கீழே போனது; தண்ணீருக்குக் கட்டுப்பாடு வந்தது.

கோடையில் மட்டும் போய்ப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பல வீடுகளில் சூடேற்றும் வசதி கிடையாது. ஓடு பதித்த தரையும் மெல்லிய சுவரும் ஜனவரி இரவில் எலும்பைத் தொடும். சீசன் முடிந்தால் கடைகளை இழுத்துச் சாத்தும் குடியிருப்புகளும் உண்டு. கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூட வழியிருக்காது. இந்திய ஓட்டுநர் உரிமத்தை அங்கே நேரடியாக மாற்றித் தருவதில்லை. வசிப்பு அட்டை வந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால், தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டித்தான் அந்நாட்டு உரிமம் வாங்க வேண்டும்.

வரி: 183ஆம் நாள்

ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் நீங்கள் அந்நாட்டு வரிவாசி. சென்னை வீட்டு வாடகை, வங்கி வைப்புநிதி வட்டி, பங்கு லாபம் எல்லாவற்றையும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டியிருக்காது. ஆனால் மறைக்க அது அனுமதி தருவதில்லை. வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்குகள், சொத்து ஆகிய மூன்று வகைகளில் எது 50,000 யூரோவைத் தாண்டினாலும் ‘720’ என்ற படிவத்தில் மார்ச் 31க்குள் தெரிவிக்க வேண்டும். லண்டன் தமிழர்களே, பிரிட்டனில் வரியில்லாத ஐசா சேமிப்பு ஸ்பெயினில் வரிக்கு உட்பட்டது. ஓய்வூதியத்தில் வரியின்றி எடுக்கும் 25 சதவீதமும் அப்படித்தான். ஸ்பெயின் வரிவாசி ஆகும் முன்பே ஆலோசகரைப் பாருங்கள். ஆன பிறகு பார்த்துப் பயனில்லை.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு. சொத்து வாங்க அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. ஹவாலா பக்கம் தலைவைக்காதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று ஸ்பெயின் வங்கியும் நோட்டரியும் காகிதம் கேட்பார்கள்.

உடம்பு, ஊரார்

நான்-லுக்ரேட்டிவ் விசாவுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயம். சிகிச்சையின்போது நீங்கள் கையிலிருந்து எதுவும் கட்டத் தேவையில்லாத முழுக் காப்பீடாக அது இருக்க வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களுக்கும் 70ஐத் தாண்டியவர்களுக்கும் அப்படியொரு பாலிசி கிடைப்பதே பாடு. அப்பா, அம்மாவை அழைத்துப்போக நினைப்பவர்கள் முதலில் இந்த ஒரு காகிதத்தைத் தேடுங்கள். ஓராண்டு சட்டப்படி வசித்த பிறகு, 65 வயதுக்குள் இருப்பவர் மாதம் 60 யூரோவும் அதற்கு மேற்பட்டவர் 157 யூரோவும் கட்டி அரசு மருத்துவத்தில் சேர வழியுண்டு.

உள்ளூர்க்காரர்களின் கோபத்தையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2024 ஏப்ரலில் கனாரித் தீவுகளில், ஜூனில் மலாகாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்பது அவர்களின் நியாயமான வேதனை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழும் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 100 சதவீதம் வரை வரி விதிக்கலாம் என்ற யோசனையைப் பிரதமர் பெத்ரோ சான்செஸ் 2025 ஜனவரியில் முன்வைத்தார். விதிகள் இன்னும் இறுகத்தான் போகின்றன. ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு, ஊரோடு ஒட்டி வாழத் தயாராக இருப்பவர்களுக்கே அங்கே மரியாதை.

இதைச் செய்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்

விசாவைக் கையில் வாங்கும்வரை வேலையை விடாதீர்கள். இந்தியாவிலுள்ள வீட்டை விற்காதீர்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்டு இந்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அந்த ஊரிலேயே வாடகைக்கு இருந்து பாருங்கள். உங்கள் காசில், உங்கள் விருப்பத்தில் ஒரு வக்கீலை அமர்த்துங்கள். அவர் எழுத்தில் சரி என்று சொல்லும்வரை எந்தத் தரகர் அவசரப்படுத்தினாலும், ‘நாளைக்கு வேறொருவர் வாங்கிவிடுவார்’ என்று பயமுறுத்தினாலும் பேனாவைத் திறக்காதீர்கள். வேறொருவர் வாங்கினால் வாங்கட்டும். அந்தக் கரையில் விற்பனைக்கு வீடுகள் எப்போதும் இருக்கும். நீங்கள் முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் ஒரு முறைதான் இருக்கிறது.